பிரிந்த பாட்டுக் குழு மறுபடி மேடை ஏறும்போது

கேள்வியின் சுருக்கம்: காரைக்குடி வட்டாரத்துத் திருவிழாக்களில் தொண்ணூறுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு மெல்லிசைக் குழு பணத் தகராறில் பிரிந்தது. 18 ஆண்டுகள் கழித்து, இந்த மாசி–பங்குனித் திருவிழாவில் ஒரே ஒரு இரவு சேர்ந்து பாடுகிறார்கள். தபேலாக்காரர் இறந்துவிட்டார், அவர் மகன் வாசிக்கிறார். பாடகிக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. கேட்பவரிடம் அந்தக் குழுவின் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. போகவும் ஆசை, போய்க் கேட்டு மனசு விட்டுப்போகுமோ என்ற பயமும் இருக்கிறது. மண்டகப்படிக் குழுவிலும் இருப்பதால், கச்சேரி நன்றாக அமைய என்ன செய்யலாம் என்றும் கேட்கிறார்.

போங்கள். கட்டை, அதாவது பாடும் சுருதி, இறங்கியிருக்கும், சில பாட்டுகள் பட்டியலிலேயே இருக்காது, தபேலா வேறு மாதிரி பேசும். இதெல்லாம் வயதும் காலமும் செய்கிற வேலை, இதற்காக வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. உண்மையில் மனசு உடையக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஆள் இல்லாத குறையை மறைக்க பென்டிரைவில் மைனஸ் ட்ராக், அதாவது குரல் இல்லாமல் முன்பே பதிந்த வாத்திய இசை, ஓடவிட்டு, அதன்மேல் பாடிவிட்டுப் போவது. அதைத் தடுக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த கேசட்டுகள். உங்கள் பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மேடைக் கச்சேரி கேசட் பெரும்பாலும் மிக்சரின் லைன் அவுட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும். டிரம்ஸ், டோலக், டும்பா எல்லாம் மேடையிலேயே சத்தமாக இருப்பதால் மிக்சரில் அவற்றைக் குறைத்துத்தான் வைப்பார்கள். அதனால் கேசட்டில் குரல் முன்னால் நிற்கும், தாளம் பின்னால் எங்கோ கேட்கும். அன்று கூட்டத்தில் நின்றவர்கள் கேட்ட கச்சேரி இப்படி இருந்திருக்காது. இரண்டாவது சங்கதி, வேகம். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவு செய்த டெக்கோ, நீங்கள் போட்டுக் கேட்கும் டெக்கோ, ஒன்றில் பெல்ட் தளர்ந்திருந்தாலும் மோட்டார் ஒத்துழைக்காவிட்டாலும் வேகம் மாறும். 6 சதவீதம் மாறினால் சுருதி கீபோர்டில் ஒரு கீ (வெள்ளை, கறுப்பு இரண்டையும் சேர்த்து எண்ணினால் அடுத்த கீ), பெரும்பாலும் அரைக்கட்டை, மாறிவிடும். ‘அந்த அம்மா 5 கட்டையில் சர்வசாதாரணமாகப் பாடுவார்’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 4½ கட்டையாக இருக்கலாம்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கேசட்டில் கீபோர்டு தனியாக வரும் ஒரு பி.ஜி.எம். துண்டைப் போட்டு, பக்கத்தில் சுருதி மாற்றாத கீபோர்டு ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள். மேடைக் கீபோர்டு ஆலையிலிருந்து வரும்போதே 440 ஹெர்ட்ஸ் சுருதியில்தான் இருக்கும். கேசட்டின் ஸ்வரம் இரண்டு கீகளுக்கு நடுவில் விழுந்தால் டேப் வேகம் சரியில்லை என்று அர்த்தம். சரியாக ஒரு கீயில் விழுந்தால் அநேகமாக வேகம் சரி, ஆனாலும் முழுதாக ஒரு கீ தள்ளிப் போயிருக்க வாய்ப்பு உண்டு. எதற்கும் மூன்று நான்கு கேசட்டுகளில் பாருங்கள்.

அந்த கேசட்டுகளைக் கச்சேரிக்கு முன்பே கணினியில் ஏற்றிவிடுங்கள், குழுவினரின் ஒத்திகைக்கும் உதவும். உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்ன ஃபெல்ட் பட்டை பழைய கேசட்டில் பசை விட்டு விழுந்திருக்கும். ஓடவிடும் முன் பாருங்கள். விழுந்திருந்தால், திருகு வைத்த வேறொரு கேசட் கூட்டுக்குள் டேப் சுருளை மாற்றுங்கள். ஒலி மந்தமாக வந்தால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மெல்ல அரைச் சுற்றுக்குள் திருப்புங்கள், ஜால்ராவும் ஹை-ஹேட்டும் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். வேகத்தைத் திருத்துவது பிறகு, நகலில்.

இனி கட்டை. மாதவிடாய் நின்ற பிறகு பெண் குரல் பொதுவாகக் கொஞ்சம் தடித்து இறங்கும். ஆண்களுக்கு வயதில் உச்ச ஸ்தாயியின் சுலபம் போகும், நீண்ட கார்வையில் குரல் ஆட ஆரம்பிக்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டும் இரண்டு கீயாவது இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது கட்டையை எண்ணாமல் கீயை எண்ணச் சொல்லுங்கள். 5 கட்டைப் பாட்டை இரண்டு கீ இறக்கினால் 4½, 4 என்று வந்து 4 கட்டை. ஆனால் 4 கட்டைப் பாட்டை இரண்டு கீ இறக்கினால் 2½ கட்டை, ஏனென்றால் 4-க்கும் 3-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. ‘ஒரு கட்டை குறைச்சுக்கலாம்’ என்று போனில் பேசிவிட்டு, மேடையில் ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பிப்பது இந்தக் கணக்குப் பிசகால்தான்.

கீபோர்டில் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் 2 என்று வைத்தால் வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும். சாக்ஸபோனில் விரல் முறையே மாறிவிடும், பழகிய கை தடுமாறும். கிட்டாரில் கேப்போ சுருதியை ஏற்றுமே தவிர இறக்காது. தபேலாவின் வலந்தலையை சுத்தியால் தட்டி ஒரு கீ இறக்கலாம், இரண்டு கீ என்றால் தோல் தளர்ந்து நாதம் செத்துவிடும். முகம் கொஞ்சம் பெரிய வேறு தபேலா வேண்டும். ஆகவே எந்தப் பாட்டு எந்தக் கட்டை என்பது கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பே முடிவாக வேண்டும். அன்றைக்கு மேடையில் பாடகி ‘இன்னும் ஒரு கீ கீழே போங்க’ என்றால் கீபோர்டுகாரரைத் தவிர மற்ற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

டூயட்தான் உண்மையான சிக்கல். பாடகிக்காக மூன்று கீ இறக்கினால் பாடகரின் மந்திர ஸ்தாயி வரிகள் காற்றாகப் போய்விடும். இருவருக்கும் பொருந்தும் டூயட் நாலோ ஐந்தோ தேறினால் போதும், மீதியை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் குழு அடையாளமே அந்த டூயட்தான் என்று ஊரே கேட்டாலும், சரணத்தில் மூச்சு வாங்கி நிற்பதை விட அதைப் பாடாமல் இருப்பது நல்லது. இன்னொரு சின்ன விஷயம். கட்டை இறங்கினாலே பாட்டு மெதுவாகப் போவது போலத் தோன்றும். டிரம்ஸ்காரர் அதைச் சரிசெய்கிறேன் என்று வேகத்தைக் கூட்டுவார். பல்லவி பரவாயில்லை, சரணத்தில் பாடகிக்கு மூச்சு எடுக்க இடம் இருக்காது. பழைய வேகத்திலேயே நிற்கச் சொல்லுங்கள்.

மறைந்த தபேலாக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் கேள்வியிலேயே கனமான பகுதி. அந்த இடம் நிரம்பாது, நிரப்பவும் முயல வேண்டாம். காரைக்குடிக்கு இது புதிதும் இல்லை. வீணையில் காரைக்குடி சகோதரர்கள் என்றால் இருவரும் சேர்ந்த பெயர். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் கிடத்தி வாசிப்பார். 1936-ல் அண்ணன் காலமான பிறகு தம்பி தனியாக வாசித்தார், 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்றார். அண்ணனின் பங்கையும் தானே சேர்த்து வாசிக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மகன் ரிதம் பேடில் (தட்டினால் பதிந்த தாள ஒலி வரும் மின்கருவி) வளர்ந்தவராக இருக்கலாம், இந்தத் தலைமுறையில் பலரும் அப்படித்தான். பேடு நல்ல கருவி, டிஸ்கோ பீட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் மெலடிப் பாட்டில் தபேலாவின் இடந்தலையில் வரும் கும்கி வேறு. விரல் தட்டிய மறுகணம் மணிக்கட்டின் அடிப்பாகம் தோலை அழுத்தி முன்னால் நகரும், ‘கும்’ என்ற ஒலி வளைந்து மேலே ஏறும். பேடில் தட்டினால் ஏற்கெனவே பதிந்து வைத்த ஒரே வளைவுதான் ஒவ்வொரு முறையும் வரும். ஐந்தாறு மெலடிகளுக்காவது நிஜத் தபேலா வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், அப்பாவின் தபேலா இருந்தால் புது மூட்டு (தோல் முகம்) போட்டுத் தயார் செய்யச் சொல்லுங்கள். ‘அப்பா மாதிரியே வாசி’ என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மாசிப் பனியில் தோல் ஈரம் ஏறிச் சுருதி இறங்கும், அரைமணிக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், வாசிக்காத நேரத்தில் மூடி வைக்க வேண்டும். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்டுடியோவிலும் மண்டபத்திலும் வாசித்தவர்களுக்குத் திறந்தவெளிப் பனி பழக்கம் இருக்காது.

கீபோர்டு பற்றி ஒன்று. குழுவின் அந்தக்கால ஒலி பழைய சிந்தசைசரில் அவர்களே செய்து வைத்த டோன்களில் இருந்திருந்தால், அந்த மெஷின் இப்போது பரணில் இருக்கும். யமஹா டிஎக்ஸ்7, ரோலண்ட் டி-50, கோர்க் எம்1 போன்றவற்றில் டோன்களை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் சொந்த டோன்கள் அத்தனையும் அழிந்துவிடும். மெஷின் இன்னும் உயிரோடு இருந்தால், பேட்டரி மாற்றும் முன் மிடி வழியாக டோன்களை கணினியில் இறக்கிவிட வேண்டும். பல மாடல்களில் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும், கடைப் பையனிடம் கொடுத்துக் கழற்றச் சொன்னால் நினைவகம் காலி. ஃபிளாப்பியில் வைத்திருந்தால் நம்பிக்கை குறைவுதான், ஆனாலும் யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் அல்லது அதே மெஷினில் போட்டுப் பார்க்கலாம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் புதுக் கீபோர்டின் பளபளப்பான ஸ்ட்ரிங்ஸை அப்படியே வைக்காமல், பிரகாசத்தைக் குறைத்து, எதிரொலியையும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய ஒலிக்குப் பாதி தூரம் வந்துவிடும்.

டிரான்ஸ்போஸ் பொத்தானால் மேடையில் நடக்கும் விபத்து ஒன்று உண்டு. ஒரு பாட்டுக்கு மைனஸ் 2 வைத்தவர் அடுத்த பாட்டுக்கு மாற்ற மறந்துவிடுவார், இரண்டாவது கீபோர்டு சரியாக இருக்கும், முதல் கார்டிலேயே இரண்டும் மோதும். பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்து எல்லோர் முன்னாலும் ஒட்டுங்கள்: பாட்டு எண், கட்டை, டிரான்ஸ்போஸ் எண், யார் ஆரம்பம். அறிவிப்பாளர் பேசும்போது ஒருவர் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மைனஸ் ட்ராக் ஏன் கூடாது என்பதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. ட்ராக் ஓடினால் பாட்டின் நீளம் முன்பே முடிவாகிவிடும். கூட்டம் கைதட்டினால் பல்லவியை இன்னொரு முறை எடுக்க முடியாது. பாடகர் ஒரு வரியை இழுத்துப் பாடினால் ட்ராக் காத்திருக்காது. 18 ஆண்டு கழித்துச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, கண்ணால் சைகை காட்டி, ‘இன்னொரு தரம்’ என்று திரும்பி வருவதற்குத்தானே இந்தக் கச்சேரி? ஒப்பந்தம் பேசும்போதே ‘ட்ராக் இல்லாமல், முழு லைவ்’ என்று எழுதி வாங்குங்கள், எந்த வாத்தியம் யார் என்ற பட்டியலும் சேர்த்து. வயலின் மூன்று பேருக்கு ஒருவர்தான் கிடைத்தார் என்றால் ஒருவரே வாசிக்கட்டும், மெலிந்து ஒலித்தாலும் அது அந்த நேரத்து வாசிப்பு.

ஒத்திகைக்கு இடம் கேட்டு யாராவது பெரிய வீட்டு வளவையோ கல்யாணக் கொட்டகையையோ தருவார்கள். வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். எல்லாம் கம்பீரமாகக் கேட்கும், யார் பிசகுகிறார்கள் என்று தெரியாது. சின்ன அறையில் ஜமுக்காளம் விரித்து, சன்னலுக்குத் திரை போட்டு உட்காருங்கள். மூன்று மணி நேர அமர்வில் ஆறேழு பாட்டுக்கு மேல் ஓடாது.

எத்தனை பாட்டு? அந்தக் காலத்தில் இரவு 10-க்கு ஆரம்பித்து விடியற்காலை 4 வரை 50 பாட்டுக்கு மேல் போயிருக்கும். இப்போது அது நடக்காது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு தரலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காவல் நிலையத்தில் மைக் அனுமதி வாங்கும்போது என்ன நேரம் எழுதித் தருகிறார்களோ அதுதான் கணக்கு. மாலை 6.30 முதல் 10 வரை 210 நிமிடம். பொன்னாடைக்கு 30 நிமிடம் போனால் 180. பாட்டுக்கு ஐந்து நிமிடம், அறிவிப்புக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் 27 பாட்டு. நாலு ஒத்திகையில் 27-ம் முடியும், ஐந்தாவது ஒத்திகை முழுக் கச்சேரியையும் வரிசை மாறாமல் ஓட்டிப் பார்க்க.

பொன்னாடையை ஒரே தவணையில் முடியுங்கள், எட்டு மணிக்கு. நாலு பாட்டுக்கு ஒருமுறை மண்டகப்படிதாரரை மேடைக்கு அழைத்தால் சூடேறிய குரல் ஆறிவிடும். பிள்ளையார் பாட்டு, குன்றக்குடி முருகனுக்கு ஒரு பாட்டு என்று வழக்கப்படி தொடங்கட்டும், அவை குரலைப் பதப்படுத்தவும் உதவும். உச்ச ஸ்தாயியில் போகும் கடினமான பாட்டுகளை ஐந்து முதல் பத்து வரையிலான இடத்தில் வையுங்கள். கடைசிக்கு என்று ஒத்திப்போட்டால் அப்போது குரல் களைத்திருக்கும். கடைசிக்கு எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு போதும். நேயர் விருப்பச் சீட்டு கட்டாயம் வரும், பத்து ரூபாயைச் சுற்றிக் கொடுப்பார்கள். ஒத்திகை பார்த்த 27-ஐயும் விழா நோட்டீசிலேயே அச்சடித்து, ‘இதிலிருந்து மட்டும்’ என்று போட்டுவிடுங்கள். எங்கோ மறந்துபோன பாட்டைத் திடீரென்று கேட்டு, வரி தெரியாமல் அவர்கள் தடுமாறுவதை நீங்களும் பார்க்க விரும்ப மாட்டீர்கள்.

மைக்செட் விஷயத்தில் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன், மானிட்டர், அதாவது பாடுகிறவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர். வயதில் மேல் அலைவரிசைகள் காதில் விழுவது குறையும். பாடகருக்குத் தன் குரல் கேட்காமல் ‘கூட்டுங்க, கூட்டுங்க’ என்பார், கூட்டினால் ஊளையிடும். பாடுகிறவர் ஒவ்வொருவர் முன்னாலும் தனி மானிட்டர் பெட்டி, அதில் குரலும் ஒரு கீபோர்டும் மட்டும். நாலு மணிக்கு ஒலிச் சோதனை, ஒன்றரை மணி நேரம், கூட்டம் வருவதற்கு முன். சப்-ஊஃபரை டி.ஜே. நிகழ்ச்சி போலத் திறந்துவிடாமல் அடக்கி வையுங்கள், அந்தப் பாட்டுகள் குழாய் ஸ்பீக்கரில் பிறந்து வளர்ந்தவை, குரல் முன்னால் நின்றால்தான் கேட்பவர்களுக்கு நிறைவு. பதிவு செய்கிறீர்கள் என்றால் மிக்சரிலிருந்து ஒரு லைன், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு மைக், இரண்டையும் தனித்தனி ட்ராக்கில் எடுங்கள். சினிமாப் பாட்டு என்பதால் நேரலை போட்டால் பாதியில் ஒலியை முடக்கிவிட வாய்ப்புண்டு, அதனால் பதிவைக் கையில் வைத்துக்கொள்வது பத்திரம்.

‘காசுக்காகத்தான் சேர்கிறார்களோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். காசு இருக்கும், இருக்கட்டும், அவர்கள் தொழில் அது. சேர்வதால் பழையபடி வருமா என்பதற்குத் தமிழில் பெரிய உதாரணமே இருக்கிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965-ல் பிரிந்து, 30 ஆண்டுகள் கழித்து 1995-ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். அந்தப் பாட்டுகள் பழையவற்றின் பக்கத்தில் போய் உட்காரவில்லை. எப்படி உட்காரும்? சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் 1981-லேயே போய்விட்டார். பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒன்றாக அமர்ந்து ஒலிப்பதிவு செய்த முறையும் மாறிவிட்டது. ஆனாலும் இருவரின் பெயரும் மறுபடி சேர்ந்து வந்ததே பலருக்குப் போதுமானதாக இருந்தது, அது நியாயமும்கூட. இன்னொரு பக்கம், 2017-ல் பாடல் உரிமை தொடர்பான நோட்டீஸால் விலகி நின்ற இளையராஜாவும் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் 2019 ஜூனில் சென்னையில் ஒரே மேடைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 25-ம் தேதி எஸ்.பி.பி. நம்மிடம் இல்லை. அந்த மேடைக்குப் போகாமல் இருந்தவர்களுக்கு அதை யாராலும் திருப்பித் தர முடியாது. உங்கள் பாடகிக்கும் 60 தாண்டிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பிரிவே பணத்தால் வந்தது என்பதால் கடைசியாகச் சம்பளம். குழுத் தலைவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம், இந்த முறை மட்டும் மாற்றுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே யாருக்கு எவ்வளவு என்று அவர்களே எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட தாளின் நகலை வாங்கிவையுங்கள். ஒத்திகை நாட்களின் போக்குவரத்தும் சாப்பாடும் தனிக் கணக்கு, சம்பளத்தில் கழிக்கக் கூடாது. தபேலா வாசிக்கும் மகனுக்கு மற்றவர்களுக்குச் சமமான பங்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள், ‘சின்னப் பையன்தானே’ என்ற பேச்சில்தான் அடுத்த தகராறு ஆரம்பிக்கும். மீதித் தொகையைப் பெயர் எழுதிய தனித்தனிக் கவரில் போட்டு, வாத்தியங்களை வேனில் ஏற்றுவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். அதே நேரத்தில் அடுத்த ஆண்டுத் தேதியையும் கேட்டு வையுங்கள்.